அந்த ஆயிரம் ரூபாய் ஓசி இல்லை

புதுமைப் பெண் திட்டத்தைக் கேலி செய்யும் அந்த விவாத வீடியோத் துண்டை நேற்றிலிருந்து எத்தனை பேர் அனுப்பிவிட்டீர்கள். "காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ஓசி, ரீசார்ஜுக்குத்தான் போகுது" என்று அதில் பேசுகிறவர் சொல்கிறார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பேச்சைக்கூட விட்டுவிடலாம். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கப் போகும் பெண்களுக்குத் தமிழக அரசு மாதாமாதம் கொடுக்கும் இந்தப் புதுமைப் பெண் ஆயிரம் ஓசி இல்லை. பிளஸ் டூ முடித்த பெண் வேலைக்குப் போகாமல் படிக்கப் போனால் வீட்டுக்கு வராமல் போகும் கூலியில் ஒரு பங்கு அது.

திண்டுக்கல், ஈரோடு, கோவைப் பக்கப் பஞ்சாலைகளுக்கு ஆள் பிடித்த ஏஜெண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். 'சுமங்கலித் திட்டம்' என்பார்கள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாக, கல்யாணச் செலவுக்கு. நடுவில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பி, அந்தப் பணமும் கிடைக்காமல் போன பெண்கள் உண்டு. இப்போது கணக்குப் போடுங்கள். மாதம் 1,000 வீதம் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000. ஏறக்குறைய அதே தொகை, அதே மூன்று வருடம். ஏஜெண்டிடம் "வேண்டாங்க, அவ படிக்கட்டும்" என்று ஓர் அம்மா சொல்ல இது தெம்பு கொடுக்கிறது. இதையா ஓசி என்கிறீர்கள்?

"தாலிக்குத் தங்கத்தை ஏன் நிறுத்தினார்கள்?" என்று உடனே வருவீர்கள். தாலிக்குத் தங்கம் என்று நீங்கள் சொல்லும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவி 1989-ல் வந்தது. கடைசிக் காலத்தில் பத்தாவது படித்தவருக்கு 25,000, பட்டதாரிக்கு 50,000, கூடவே 8 கிராம் தங்கம். அதுவும் பெண்களைப் படிக்க வைத்த திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பணம் கல்யாணத்தோடுதான் வந்தது. பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் காசில்லாமல் படிப்பை நிறுத்தும் மாதத்தில் வரவில்லை. 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் தொடங்கியபோது மாறியது அதுதான்.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. புதுமைப் பெண்ணுக்கு வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று தொடங்கி, பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளையும் சேர்த்தார்கள். டிப்ளமோ, ஐடிஐ படித்தாலும் உண்டு. ஏழு வருடம் எந்தப் பள்ளி என்பது, தாலுகா ஆபீஸ் காகிதத்தைவிட வீட்டு நிலைமையைச் சரியாகச் சொல்லிவிடும்.

"மாநிலம் கடன்ல மூழ்குது." சரி, கடனைப் பற்றிப் பேசுவோம். 1956-ல் மதிய உணவும் 1982-ல் சத்துணவும் வந்தபோதும் பணம் எங்கே என்றுதான் கேட்டார்கள். அந்தச் செலவெல்லாம் வீணாகவில்லை. 2021-22 கணக்கில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. இந்தியத் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இங்கேதான். கம்பெனிகள் இங்கே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

"பணத்துக்குப் பதிலா வாத்தியார் போடலாமே." நியாயம். அரசுக் கலைக் கல்லூரிகளில் எத்தனையோ துறைகள் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் ஓடுகின்றன. போடட்டும். அதற்கு இவள் ஆயிரத்தை ஏன் பிடுங்க வேண்டும்?

ரீசார்ஜுக்குப் போகிறதாம். போகட்டுமே! பாடக் குறிப்பும் ஹால் டிக்கெட்டும் வேலை விண்ணப்பமும் வேறு எதில் வருகின்றன? பழைய வருமான வரி முறையில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு, கல்விக் கடன் வட்டிக்கும் உண்டு. அதுவும் அரசு விட்டுக்கொடுக்கும் பணம்தான். அதை ஓசி என்று சொல்லி யாரும் சிரிப்பதில்லை. அரசுப் பள்ளிப் பெண் கைக்குக் காசு வந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது. வலிக்கிறது.

பணம் வராத பிள்ளைகளுக்கு: படிவத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல, ஆதாரைக் கடைசியாக டிபிடி-க்கு (அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வரும் முறை) இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பழைய கணக்கு முடங்கிக் கிடந்தால் திரும்பிப் போய்விடும். இப்போது பயன்படுத்தும் வங்கிக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுங்கள். ஆதாரிலும் எமிஸிலும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு) இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பிறகு கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் நோடல் ஆபீசரிடம் போய்ச் சொல்லுங்கள்.