"கவலைப்படாதீங்க, பையில எல்லாம் இருக்கு"

"அண்ணா, ஒரு நிமிஷம்!"

ஞாயித்துக்கிழமை காலையில பின்னாடியிருந்து இந்தக் குரல் வந்தா விளக்கமே வேண்டாம். முட்டுக்காடு பாலம் தாண்டியாச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள மாமல்லபுரம் தொட்டுட்டுத் திரும்பிடலாம்னு சைக்கிள்ல கிளம்பின பத்துப் பேரோட கணக்கும் அங்கயே காலி. அது ஒரு நிமிஷம் இல்லைங்க. ஒரு மணி பத்து நிமிஷம்.

பஞ்சர் ஆனதுக்குக் கோபமே இல்ல. லாரி டயர் வெடிச்ச இடத்துல எல்லாம் ரோட்டோரம் முடி மாதிரி இரும்புக் கம்பி கொட்டிக் கிடக்கு. மண்பாதையில இறங்கினா நெருஞ்சி முள்ளு, கொஞ்சம் உள்ள போனா சீமைக் கருவேல முள்ளு. யாருக்கு வேணா ஏறும். கோபம் எல்லாம் பஞ்சர் ஆன சைக்கிளோட சார் அடுத்துச் சொன்னாரே, அதுமேலதான். "கவலைப்படாதீங்க, பையில எல்லாம் இருக்கு."

இருந்துச்சு. அதைத்தான் சொல்ல வரேன்.

கார்பன் ஃப்ரேம், எலக்ட்ரானிக் கியர், 50 மில்லிமீட்டர் உசரத்துல பளபளன்னு ரிம். மிதிக்கிற மிதிக்கு எத்தனை வாட்னு சொல்ற பெடல் வேற. சீட்டுக்கு அடியில குட்டியா ஒரு பை. வாங்கின நாள்ல கட்டினது, நேத்துதான் முதல் தடவையா ஜிப் திறக்குது. அதுவும் துருப்பிடிச்சு பாதியில நின்னு, ரெண்டு பேர் பிடிச்சு இழுத்துத்தான் திறந்தது.

அதுக்கு முன்னாடி வீலைக் கழட்டணும் இல்லையா? பின் வீலு. கழட்டறதுக்கு முன்னாடி செயினை இருக்கறதுலயே சின்ன பல்சக்கரத்துக்கு இறக்கிடணும், அப்பத்தான் வீல் வழுக்கிக்கிட்டு வெளிய வரும், திரும்ப மாட்டவும் சுலபம். சார் பெரிய பல்சக்கரத்துலயே வெச்சுக்கிட்டு இழு இழுன்னு இழுத்தாரு. கை ரெண்டும் கிரீஸ். அந்தக் கையோட சைக்கிளைத் தலைகீழாக் கவுத்தாரு, ஹேண்டில்ல இருந்த கம்ப்யூட்டர் திரை தார்ரோட்டுல சர்ர்ருன்னு ஒரு கோலம் போட்டுச்சு. அதோட விட்டாரா? வீல் வெளிய இருக்கும்போது பிரேக்கை ஒரு அமுக்கு அமுக்கினாரு. டிஸ்க் பிரேக்குங்க! நடுவுல டிஸ்க் இல்லாம அமுக்கினா ரெண்டு பேடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் வீலை மாட்டினா டிஸ்க் உள்ள நுழையாது. டயர் நெம்புற லிவரை நுழைச்சு பேடை மெல்ல நெம்பி விலக்கணும். சரி, லிவரை எடுங்க சார்.

ஒரே ஒரு லிவர். அதுவும் இரும்பு.

டயர் லிவர் குறைஞ்சது ரெண்டு வேணும்யா. ஒண்ணை நெம்பி ஸ்போக்ஸ்ல மாட்டிட்டு, நாலு விரக்கடை தள்ளி இன்னொண்ணைப் போட்டாத்தான் விளிம்பு மேல வரும். இரும்பு லிவர் டியூபைக் கடிக்கும், கார்பன் ரிம்மைக் கீறும். பிளாஸ்டிக்ல ஜோடியா விக்குது. யாரோ கொடுத்தாங்க, டயர் வந்துச்சு.

இப்ப டியூப். சார் பெருமையா அட்டைப்பெட்டியோட எடுத்தாரு. இந்த மாதிரி சைக்கிளுக்கான ஒல்லி பிரெஸ்டா வால்வ், சரி. 28 மில்லிமீட்டர் டயருக்குப் பொருந்தும், சரி. உள்ள வெச்சு வால்வை ரிம் ஓட்டைக்குள்ள விட்டா மறுபக்கம் ஒண்ணுமே காணோம். 48 மில்லிமீட்டர் வால்வ், ரிம்மோ 50. குனிஞ்சு பாத்தா ஓட்டைக்குள்ள இருந்து கிணத்துல விழுந்த குடம் மாதிரி மினுக்குது. எந்தப் பம்ப் போய் பிடிக்கும்? உசரமான ரிம் வாங்கினா 80 மில்லிமீட்டர் வால்வ் உள்ள டியூபா வாங்கணும், இல்ல நீட்டிக்கிற எக்ஸ்டென்டர் ஒண்ணு கூட வெச்சுக்கணும். லட்ச ரூபாய்க்கு வீல் வாங்கினவர் கண்ணுக்கு ஒரு பிரியாணி விலைச் சாமான் தெரியல.

"சொல்யூஷன் இருக்கே, ஒட்டிடலாம்!" இருந்துச்சு. பிதுக்கினா காத்துதான் வந்துச்சு. ஒரு தடவை மூடி திறந்த சொல்யூஷன் சில மாசத்துல உள்ளயே காஞ்சு போயிடும். திறக்காத சொல்யூஷனே நம்ம ஊர் வெயில்ல நின்ன காருக்குள்ள கிடந்தா கதை முடிஞ்சது. பொறந்தநாளுக்குப் பொறந்தநாள் புதுசு மாத்தினா என்ன குடியா முழுகிடும்?

இந்த நேரம் பாத்து எதிர்ல மீன் கூடையோட ஒருத்தர் 28 இஞ்ச் பழைய சைக்கிள்ல வந்தாரு. நின்னு பாத்தாரு. அவர் சைக்கிள்ல பஞ்சர்னா எந்த ஊர்க் கடையிலயும் தண்ணித் தொட்டியில டியூபை முக்கி, குமிழி வர்ற இடத்துல உப்புத்தாள் தேச்சு, சொல்யூஷன் தடவி, கை ஒட்டாத அளவு காயவிட்டு, பழைய டியூப் துண்டை வெட்டி ஒட்டி, சுத்தியலால நாலு தட்டு தட்டி அனுப்பிடுவாங்க. காத்து நிக்கலைன்னா வால்வுல இருக்கற குட்டி ரப்பர் குழாய், அந்த வால்டியூபை மாத்தினா போச்சு. அவர் நம்ம சைக்கிளைப் பாத்தாரு, சாரைப் பாத்தாரு, "பக்கத்துலயே கடை இருக்கே தம்பி"ன்னாரு.

இருக்கு! அதுதான் வயித்தெரிச்சலே. இந்த ஈசிஆர் ரோடு பூரா பஞ்சர் கடை, எல்லாத்துலயும் கம்ப்ரெசர். ஆனா அது பைக், கார் வால்வுக்கான வாய். பிரெஸ்டா வால்வ் 6 மில்லிமீட்டர் ஊசி, அந்த வாய்க்குள்ள நிக்காது. சுண்டுவிரல் நகம் அளவு பித்தளை அடாப்டர் ஒண்ணை வால்வ் தலையில திருகினா அந்தக் கடையெல்லாம் உங்க கடை. எடை ஒண்ணுமே இல்ல, விலையும் ஒண்ணுமே இல்ல. (கம்ப்ரெசர்ல அடிக்கும்போது மட்டும் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்க. ஒல்லி டியூப் கண்ணிமைக்கிற நேரத்துல வெடிக்கும்.) சார் பையில அடாப்டர் இருக்கா? இல்ல. எனர்ஜி ஜெல் ஆறு இருக்கு.

கடைசியில ஒரு புண்ணியவான் தன்னோட டியூபைத் தந்தாரு. அதுவும் நீள வால்வ். "போடறதுக்கு முன்னாடி டயருக்குள்ள பாருங்க"ன்னு நாலு பேர் சொன்னோம். சார் டார்ச் அடிக்கிற மாதிரி ஒரு பார்வை பாத்துட்டு "ஒண்ணும் இல்லண்ணா"ன்னாரு.

கண்ணால பாக்கிற வேலையா அது? பழைய டியூப்ல காத்தடிச்சு ஓட்டையைக் கண்டுபிடிக்கணும். வால்வுக்கு நேரா வெச்சு டயரோட அளந்தா எந்த இடத்துல குத்துச்சுன்னு சொல்லிடும், அதுக்காகத்தான் டயர் பேரு வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுறது. பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டைன்னா காத்து கம்மியா வெச்சுக்கிட்டுப் பள்ளத்துல இறக்கியிருக்கீங்க. ரிம் பக்கம் ஓட்டைன்னா ரிம் டேப் விலகியிருக்கு. வெளிப்பக்கம் ஒரே ஓட்டைன்னா கம்பியோ முள்ளோ, இன்னும் டயர்லயேதான் உக்காந்திருக்கு. துணியோ பஞ்சோ வெச்சு உள்பக்கம் முழுசா ஒரு சுத்து தடவினா நூல் மாட்டும். அதை வெளிய தள்ளி எடுக்கணும். இதுக்கு ரெண்டு நிமிஷம். சாருக்கு அந்த ரெண்டு நிமிஷம் இல்ல.

டியூபை உள்ள போட்டாச்சு. கடைசி விளிம்பை லிவரால நெம்பித்தான் ஏத்துவேன்னு ஒத்தைக்கால்ல நின்னாரு. வேணாம் சாமி, டியூப் நடுவுல மாட்டிக் கிழியும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு, விளிம்பை ரிம்மோட நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கிட்டே வந்து வால்வுகிட்ட முடிச்சா கட்டைவிரலே போதும்.

அப்புறம் வந்துச்சு கிளைமாக்ஸ். கார்பன்டைஆக்சைடு கேட்ரிஜ். 16 கிராம், 28 மில்லிமீட்டர் டயரை நொடியில நிரப்பிடும். சார் கேட்ரிஜை காத்தடிக்கிற இன்ஃப்ளேட்டர்ல திருகினாரு, வால்வுல வெச்சாரு, திறந்தாரு. பிரெஸ்டா வால்வோட உச்சிக் குமிழைத் தளர்த்தவே இல்ல! புஸ்ஸ்ஸுன்னு அத்தனையும் வானத்துக்கு. கேட்ரிஜ் மேல பனி பூத்துச்சு, சார் விரல் அதுல ஒட்டிக்கிச்சு, பஸ் ஸ்டாப்புல நின்ன பசங்க கைதட்டினாங்க. இன்னொரு கேட்ரிஜ்? "ஒண்ணு போதும்னு நினைச்சேன்."

1913 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ்ல யூஜின் கிறிஸ்தோஃப்னு ஒருத்தர். மலையில முன் ஃபோர்க் உடைஞ்சு, சைக்கிளைத் தூக்கிக்கிட்டு பத்து கிலோமீட்டர் மாதிரி நடந்து, கீழ ஊர்ல கொல்லன் பட்டறையில தன் கையாலயே நெருப்புல காய்ச்சி ஒட்டினாரு. அடுத்தவர் உதவி கூடாதுன்னு விதி, துருத்தி ஊதி ஒரு பையன் உதவினான்னு அதுக்கும் நேரத்தைக் கூட்டி அபராதம் போட்டாங்க. அந்தக் கணக்குல பாத்தா சாருக்கு நேத்து போட வேண்டிய அபராதத்துக்கு இன்னும் ஓட்டிக்கிட்டே இருக்கணும்.

சரி, கைப்பம்ப். அதுவும் அடுத்தவர் பம்ப். 80 பிஎஸ்ஐ ஏத்த அந்தக் குட்டிப் பம்புல 250 தடவையாவது அடிக்கணும். அஞ்சு பேர் ஆளுக்கு அம்பதுன்னு பங்கு போட்டு அடிச்சோம். டயர் கல்லு மாதிரி ஆச்சு. "நானே கழட்டுறேன்"னு சார் ஹோஸைத் திருகினாரு. ஹோஸோட சேர்ந்து வால்வோட உள் ஊசியும் கழண்டு வந்துச்சு. புஸ்ஸ். 250-ம் போச்சு.

திருகி மாட்டுற ஹோஸ் பம்ப்ல இது நடக்கும்னு ஊருக்கே தெரியும். வீட்லயே அந்த ஊசியைக் குட்டிச் சாவியால ஒரு அழுத்து அழுத்தி முடுக்கி வெச்சா கழண்டு வராது. வீட்ல! ஒரு நாள் சாயங்காலம், ஃபேன் காத்துல, டீ குடிச்சுக்கிட்டு, வீலைக் கழட்டி, டியூபை மாத்தி, அந்தப் பம்பாலயே காத்தடிச்சுப் பாத்திருந்தா நேத்து நடந்த அத்தனையும் ஹால்லயே நடந்து முடிஞ்சிருக்கும். நீச்சல் உடை வாங்கிட்டா நீச்சல் வந்துடுமா? பை வாங்கிட்டா பஞ்சர் போட வந்துடுமா? பிஆர்எம் 200, அதான் 200 கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், அதை ஓட்டணும்னு வேற பேசுறாரு. 13 மணி 30 நிமிஷம்தான் நேரம், வழியில சரிபார்க்கிற கன்ட்ரோல் இடங்கள் தவிர நடுவுல யாரும் உதவிக்கு வரக்கூடாது. இவர் பையோட போனா முதல் கன்ட்ரோலுக்கு முன்னாடியே இருட்டிடும்.

"ட்யூப்லெஸ் போட்டா தொல்லையே இல்ல"ன்னு இப்ப ஒருத்தர் வருவாரு. வாங்க. ஓட்டையை அடைக்க உள்ள ஊத்தின 30, 40 மில்லி சீலன்ட் திரவம் நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல ரப்பர் சவ்வா காஞ்சிருக்கும், கடைசியா எப்ப ஊத்தினீங்க? டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா அதை எந்தச் சீலன்ட்டும் அடைக்காது. உள்பக்கம் பழைய டயர் துண்டையோ, மடிச்ச ரூபா நோட்டையோ முட்டுக் கொடுத்து, டியூப் போட்டுத்தான் வீடு வரணும். ஆக உங்களுக்கும் டியூப் வேணும். அதையும் சும்மா பையில திணிக்காதீங்க, ஸ்பேனரோட உரசி உரசி மடிச்ச இடத்துலயே ஓட்டை விழும். டால்கம் பவுடர் போட்டு பழைய சாக்ஸுக்குள்ள சுருட்டி வைங்க. வீல் கழட்டும்போது அந்த சாக்ஸே கையுறை.

மறுபடி 250. மறுபடி ஆளுக்கு அம்பது. எட்டரை மணி வெயில்ல கிளம்பினோம்.

ரெண்டு கிலோமீட்டர். சொல்லவே வேணாம். அதே வீல், அதே இடம், அதே கம்பி. கோவளம் கிட்ட மறுபடி "அண்ணா, ஒரு நிமிஷம்".

பத்துப் பேரும் இறங்கினோம். யாரும் பேசல. சார் மெதுவா வாயைத் திறந்து "பையில..."ன்னு ஆரம்பிச்சாரு. அவ்வளவுதான், ஒருத்தர் சிரிச்சாரு, அப்புறம் எல்லாரும், சார் தோள் குலுங்கினதுதான் அதிகம். கம்பியைப் பல்லால கடிச்சு இழுத்தோம், அரை விரக்கடை நீளம் கூட இல்ல. ஒட்டினா காயிற வரைக்கும் டீ குடிக்கலாம்னு எதிர்க்கடைக்குப் போனோம்.

அந்த டீயைச் சொல்லணும். பேப்பர் கப் ஏங்க மாசத்துக்கு மாசம் சின்னதாகுது? 15 ரூபா கொடுத்தா ரெண்டு மடக்கு டீ. மூணாவது மடக்கு வெறும் காத்து. அதை அடிக்க மட்டும் அடாப்டர் வேண்டியதில்ல.