பல மரம் கண்ட தச்சன்

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த என் பெறாமகள் சென்ற வாரம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்ற பேச்சு எழுந்தது. அவளுக்கு இரசாயனவியலும் பிடிக்கும், சிங்கள இலக்கியமும் பிடிக்கும், சித்திரமும் பிடிக்கும் என்று கேட்ட பெரியவர் ஒருவர், "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்றார். எல்லோரும் போன பிறகு அவள், "சித்தி, எனக்கு எல்லாம் பிடிக்குதெண்டால், ஒண்டிலயும் உண்மையான விருப்பம் இல்லையெண்டுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். பதினாறு வயதுப் பிள்ளையை அப்படி நினைக்க வைத்தவர்கள் நாம்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

விருப்பம் நமக்குள் முழுதாக உருவாகிக் கிடக்கிறது, தேடி எடுத்தால் போதும் என்ற எண்ணத்திலிருந்தே இந்தப் பிழை தொடங்குகிறது. பால் ஓகீஃப், கெரல் டுவெக், கிரகரி வால்டன் ஆகிய உளவியலாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி நம்பிய மாணவர்கள் தம் துறைக்கு வெளியே உள்ள கட்டுரைகளில் குறைந்த ஆர்வமே காட்டினர். இன்னொரு சோதனையில், கருந்துளைகள் பற்றிய காணொளியைப் பார்த்தபின் அதே விடயத்தில் கடினமான கட்டுரையைப் படிக்க நேர்ந்தபோது, விருப்பம் வளர்க்கப்படுவது என்று கருதியவர்களைவிட இவர்களுடைய ஆர்வமே அதிகமாகச் சரிந்தது. உண்மையான விருப்பம் என்றால் சிரமமே இராது என்று எதிர்பார்ப்பவர், முதல் சிரமத்திலேயே "இது எனக்குரியதல்ல" என்று விலகிவிடுகிறார்.

நான் கணக்காளர். அம்மாவின் சங்கீதக் கொப்பி தாள் தாளாகக் கழன்றபோது, அதைத் தைப்பதற்காகவே புத்தகம் கட்டப் பழகினேன். மெழுகு பூசிய நூலைச் சற்று வேகமாக இழுத்தாலும் பழைய தாள் கிழிந்துவிடும். நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்துவிடும். அப்படி ஒவ்வொரு தாளாகக் கையாண்டபோது, அம்மா பென்சிலால் எழுதியிருந்த ஸ்வரங்களை வாசிக்கத் தொடங்கி, 18 ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த வயலினை மீண்டும் எடுத்தேன். பார்ப்பவர்களுக்கு அது ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவியதாகத் தோன்றலாம்; எனக்கு அது ஒரே வேலையின் தொடர்ச்சி.

இதே கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1904 இல் தோரியனைற்று என்ற கனியத்தைக் கண்டெடுத்த புவியியலாளர். கண்டிய கைவினைகளை ஆராய்ந்தவரும், பின்னாளில் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவரே.

பல விருப்பங்களுக்கு விலையும் உண்டு. கச்சேரி செய்யும் அளவுக்கு என் வயலின் வாசிப்பு வளரப்போவதில்லை, அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் வருத்தம் வேறு, வெட்கம் வேறு. பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது வெட்கத்தை.

எந்தப் பாடம் கடினமாகும்போதும் உன்னால் அதனுடன் இருக்க முடியுமோ அந்தப் பிரிவை எடு, மற்றவற்றை விடவேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன். இரசாயனவியல்தான் என்றாள், சற்று யோசித்தபின்.