கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடி கேட்க முடியாது

"இப்போது தரும் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வலி கூடினால் மறுபடி கேட்கலாம்" என்று வாகன விபத்தில் காயமடைந்தவர்களுக்குச் சிலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் நீட்டும் சமரசப் பத்திரத்தில் "இப்போது தெரிந்த, இனி தெரியவரும் எல்லாக் காயங்களுக்கும்" என்பதுபோல ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். கையெழுத்தானால் உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கை முடிந்தது. பிறகு முதுகுத்தண்டு வட்டு பிதுங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தாலும், அறுவை சிகிச்சைச் செலவு உங்கள் தலையில்தான். மோசடி போன்ற அரிதான காரணம் இருந்தால் மட்டுமே நீதிமன்றம் அந்தச் சமரசத்தைத் திறந்து பார்க்கும்.

வண்டிச் சேதத்துக்குப் பல இடங்களில் தனியாகப் பணம் வாங்கலாம். ஆனால் அந்தத் தாளில் உடற்காயத்தையும் சேர்த்திருக்கிறார்களா என்று வரிவரியாகப் பாருங்கள். அவசரத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

காயம் இனி பெரிதாகத் தேறாது, இதுதான் நிலை என்று மருத்துவர் சொல்லும்வரை தொகையை எடைபோடவே முடியாது. மேற்கொண்டு தேவைப்படும் சிகிச்சையை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இழந்த சம்பளத்தையும் சேருங்கள். வரும் தொகையிலிருந்து மருத்துவமனை பாக்கி, மருத்துவக் காப்பீடு திரும்பக் கேட்கும் பணம், வழக்கறிஞர் கட்டணம் மூன்றையும் கழித்து, கையில் நிற்பதை மட்டும் பாருங்கள்.

அதற்காக வருடக்கணக்கில் இழுக்கவும் கூடாது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக வழக்குத் தொடுக்கும் கெடு ஓடுவது பொதுவாக நிற்காது. உங்கள் ஊர்ச் சட்டப்படி அந்தத் தேதி எது என்பதை வழக்கறிஞரிடம் இன்றே கேட்டுக் குறித்துவையுங்கள்.