எழுபது வருசம் என்று எழுதியிருப்பதை ஏன் வாசிக்கிறதில்லை?

காலையில் வட்ஸ்அப்பில் மறுபடியும் அதே படம். சூரியன் உதிக்கிற கடற்கரை, அதன்மேல் பைபிளில் இருக்கிற எரேமியா 29:11. உங்களைப் பற்றி நான் வைத்திருக்கிற எண்ணம் நல்லது, எதிர்காலமும் நம்பிக்கையும் தருவேன் என்கிற வசனம். அனுப்பியவர் எங்கள் செபக்குழு அக்கா, நல்ல மனுசி, எனக்கு கனடா விசா இரண்டாம் தரமும் மறுத்துவிட்டார்கள் என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார். கோபம் இல்லை. ஆனால் அதற்கு முதல் வசனத்தை வாசித்தீங்களோ அக்கா என்று கேட்க வாய் உன்னியது.

பத்தாம் வசனம் எழுபது வருசம் என்கிறது. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன சனத்துக்கு இறைவாக்கினர் எரேமியா எருசலேமிலிருந்து எழுதின கடிதம் அது. எழுபது வருசம் கழித்துத்தான் உங்களைத் திருப்பிக் கூட்டிவருவேன் என்கிறார் ஆண்டவர். அதைக் கேட்டுக்கொண்டிருந்த வயது வந்த ஆக்களில் அநேகம்பேருக்கு இனி ஊர் இல்லை என்றுதானே அர்த்தம்! முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர், இரண்டே வருசம், எல்லாம் திரும்பிவிடும் என்று கோயிலில் எல்லாருக்கும் முன்னால் சொல்லி, எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தையும் பிடுங்கி உடைக்கிறார். அன்றைக்கு வட்ஸ்அப் இருந்திருந்தால் அனனியா சொன்னதுதான் ஊரெல்லாம் சுற்றியிருக்கும்.

எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990 ஆனியில் யுத்தத்தால் எங்கட ஊர் மயிலிட்டியிலிருந்து வெளிக்கிட்டபோது ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். ஆமி துறைமுகப் பக்கத்தை விட்டது 2017 ஆடியில். அம்மம்மா அதைக் காணவில்லை.

மல்லாகத்தில் ஆரோ ஒருவரின் காணியில் கொட்டில் போட்டு இருந்தபோது அம்மம்மா ஓரமாக ஒரு முருங்கைத் தடி ஊன்றினார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, முருங்கைதானே, எங்கே ஊன்றினாலும் வரும். அடுத்த மாரிக்குத் தேசிக்கன்று, அதுதான் எலுமிச்சை, வைத்தபோதுதான் சண்டை. "உது காய்க்க எத்தினை வருசம் செல்லும்? அதுமட்டும் இஞ்சயே கிடக்கப்போறியளோ?" என்று பெரியம்மா கத்தினாராம். மரம் வைப்பது ஊரைக் கைவிடுகிற மாதிரி, விசுவாசம் இல்லாத மாதிரி அவருக்குப் பட்டிருக்கிறது. அம்மம்மா கோப்பை கழுவின தண்ணியைக் கன்றின் அடியில் ஊற்றிவிட்டு, "செபமாலை சொல்ல வாங்கோ" என்றாராம், அவ்வளவுதான். அந்தச் செபத்தில் அவர் கேட்டதும் மயிலிட்டியைத்தான். 95 இடப்பெயர்வில் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி, 96இல் திரும்பி வந்து பார்த்தால் முருங்கை முறிந்து கிடந்தது, தேசி நின்றது.

எரேமியாவின் கடிதம் தொடங்குவதே இந்த இடத்தில்தான். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், இருக்கிற நகரத்துக்காகச் செபியுங்கள். இதைக் கேட்டுவிட்டு செமாயா என்று ஒருவர், இந்த விசரனை ஏன் அடக்காமல் வைத்திருக்கிறீர் என்று எருசலேம் குருவுக்குக் கடிதம் போட்டார். பெரியம்மாவின் அதே நியாயம்.

நான் ஆறு வருசமாக என்ன செய்தேன்? விசா வரும், ஆண்டவர் தருவார் என்று ஓட்டு ஒழுக்கைத் திருத்தவில்லை. கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டேன். வளவில் ஒரு கன்று வைக்கவில்லை. இதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு சூட்கேசுக்கு மேல் குந்தியிருந்திருக்கிறேன்.

அதற்காக இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் போக முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 மாசியில் கிளிநொச்சியில் ரோட்டோரம் வந்து குந்தின தாய்மாரிடம், கடவுளின் நேரம் வரும் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கட கோயில் ஆக்கள் சிலருக்கு வருகிறது, செத்தவீட்டில்கூட வருகிறது. பக்கத்தில் இருங்கோ, தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ, வசனத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஆண்டவரிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று நம்புகிறேன். அதில் கனடா இருக்கிறதோ தெரியாது. மூன்றாம் தரமும் விண்ணப்பம் போடத்தான் போகிறேன், அம்மம்மா மயிலிட்டியைக் கேட்பதை விட்டாரா என்ன?

சரி, ஒரு உதவி. கறுத்தக்கொழும்பான் மாமரத்து ஒட்டுக்கன்று நல்லதாக எங்கே வாங்கலாம்? விதைக்கன்று வேண்டாம், காய்க்க வருசக்கணக்காகும், அவ்வளவு பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.