ஒற்றை எஞ்சினில் வானேறிய டிசி-1

பல எஞ்சின் பயணிகள் விமானங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் டக்ளஸ் நிறுவனம் கட்டி 1935-இல் பறந்த டிசி-3-ஐயே கொண்டாடுகிறார்கள். நம்மூரில் டகோட்டா என்று அறியப்பட்ட அந்த விமானத்தின் புகழில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதைவிடப் பெரிய திருப்பம் 1932-இல் எழுதப்பட்ட ஒரு சுருக்கமான கடிதத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

எஞ்சின்களைக் கூட்டும் யோசனை அதற்கும் பழையது. ரஷ்யாவில் இகோர் சிகோர்ஸ்கி 1913-இலேயே நான்கு எஞ்சின் விமானத்தைப் பறக்கவிட்டார். அவருடைய இலியா முரோமெத்ஸ் விமானத்தில் சூடேற்றிய அறையும் மின்விளக்கும் கழிப்பறையும் இருந்தன. 1914 பிப்ரவரியில் அது 16 பேரையும் ஒரு நாயையும் சுமந்து பறந்தது. (வரலாற்றாசிரியர்கள் அந்த நாயை மட்டும் மறப்பதே இல்லை.) போர் மூண்டதும் அது குண்டுவீச்சு விமானமாகிவிட்டது.

எஞ்சின் கூடினால் ஆபத்து குறையும் என்பது பாதி உண்மைதான். இரண்டு எஞ்சின் இருந்தால், அவற்றில் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மிச்சமிருக்கும் ஓர் எஞ்சினால் முழுச் சுமையையும் தாங்க முடியாவிட்டால் இரண்டாவது எஞ்சினால் என்ன பயன்? அதனால்தான் 1920-களில் ஃபோக்கர், ஃபோர்டு விமான நிறுவனங்கள் மூன்று எஞ்சின்களை நாடின. அதற்கும் எல்லை இருந்தது: 1931 மார்ச்சில் கேன்சஸில் ஃபோக்கர் எஃப்-10 விமானத்தின் மர இறக்கை முறிந்து, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் நூட் ராக்னி உட்பட எட்டுப் பேர் இறந்தபோது, மூன்று எஞ்சின்களும் எதற்கும் உதவவில்லை. அமெரிக்காவில் மர இறக்கைகளின் மீதிருந்த நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது.

முழுதும் உலோகத்தாலான போயிங் 247-இன் முதல் 60 விமானங்களை யுனைடெட் விமானசேவை நிறுவனம் எடுத்துக்கொண்டதால், அதன் போட்டியாளரான டிடபிள்யூஏ விமானசேவையின் ஜாக் ஃப்ரை 1932 ஆகஸ்ட் 2 அன்று டக்ளஸ் நிறுவனத்துக்கு எழுதினார். அவர் கேட்டது மூன்று எஞ்சின் விமானம். ஆனால் அவருடைய நிறுவனம் பயன்படுத்தும் எந்த விமான நிலையத்திலிருந்தும், முழுச் சுமையோடு, ஓர் எஞ்சின் நின்ற நிலையிலும் அது மேலெழ வேண்டும் என்பதுதான் அக்கடிதத்தின் உயிர்நாடியான நிபந்தனை. டக்ளஸ் பொறியாளர்கள் ஆற்றல் மிகுந்த இரண்டே எஞ்சின்களால் அதைச் சாதிக்கலாம் என்று துணிந்தார்கள். உள்ளே மடங்கும் சக்கரங்களும், இதழ்களின் கோணத்தை மாற்றக்கூடிய சுழலிகளும் (புரொப்பெல்லர்) அதற்குக் கைகொடுத்தன. 1933 செப்டம்பரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அரிசோனாவின் வின்ஸ்லோ விமான நிலையத்தில், தரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் எஞ்சின் அணைக்கப்பட, அப்படி உருவான, டிசி-3-இன் முன்னோடியான டிசி-1 மற்றொன்றைக் கொண்டே எழுந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி வரை பறந்தது.

போயிங் 247-இலோ இறக்கையின் முதுகெலும்பான உத்தரம் பயணிகள் அறையின் குறுக்கே ஓடியதால், நடைபாதையில் செல்பவர்கள் அதைத் தாண்டிக் கால்வைக்க வேண்டியிருந்தது. டக்ளஸ் அந்த உத்தரத்தை அறைக்குக் கீழே கொண்டுசென்றது. போயிங் மொத்தம் கட்டிய 247-கள் 75 மட்டுமே.