நான்கு நாள் பயணத்துக்கு ஏழு உடைகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோடையில், நான்கு நாள் பயணத்துக்கு ஏழு உடைகள் எடுத்துப் போனேன். ஏழையும் கட்டிலில் பரப்பி, எதற்கு எந்தக் காலணி, எந்த இடத்தில் எதை அணிந்து படம் எடுத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தேன். கடற்கரைக்கு வெள்ளைக் கவுன். கலங்கரை விளக்கத்துக்கு மஞ்சள். மாலை நடைக்கு எலுமிச்சைப் பழங்கள் அச்சிட்ட ஒன்று. எலுமிச்சை அச்சுக்கும் கோடைக்கும் என்ன உறவு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பழம் புளிக்கும், சரி, துணி குளிர்ந்துவிடுமா?

எட்டாவதாகப் பெட்டிக்குள் போனது அப்பாவின் பழைய சட்டை. நீலக் கோடு போட்ட முழுக்கைப் பருத்திச் சட்டை. துவைத்துத் துவைத்து நூல் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபுறம் தெரியும். அதை உடைக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. வாசனைத் திரவியக் குப்பி உடையாமல் இருக்க அதைச் சுற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

ஊரின் பெயர் வேண்டாம். கடலும் கலங்கரை விளக்கமும் இருக்கிற எந்த ஊரிலும் இதேதான் நடந்திருக்கும். நண்பகலில் மஞ்சள் கவுனோடு படியேறினேன். பின்பக்கம் ஜிப் வைத்து உடலோடு ஒட்டித் தைத்த பாலியஸ்டர் துணி. பாதிப் படி ஏறுவதற்குள் அது துணியாக இல்லை; முதுகில் ஒட்டிய ஈரக் காகிதமாகிவிட்டது. உச்சிக்குப் போனதும் தோழிகள் கடலைப் பார்த்துக் கூவினார்கள். நான் அக்குளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் முழங்கைகளை விலாவோடு சேர்த்து வைத்துக்கொண்டு மிகப் பணிவாக நிற்கிறேன். படத்துக்கு நல்ல வரவேற்பு. "எவ்வளவு அடக்கமாக இருக்கிறாய்" என்று ஓர் அத்தை எழுதியிருந்தார். அடக்கியது வியர்வைக் கறையை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரவில் தோள் இரண்டும் சிவந்து எரிந்தன. கையில்லாத எந்த உடையையும் மறுநாள் போட முடியாது. அப்படித்தான் அப்பாவின் சட்டை வெளியே வந்தது. தொளதொளவென்ற கால்சட்டைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, கையை மடிக்காமல், பொத்தானை மேல்வரை பூட்டாமல் கிளம்பினேன். தோழி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்றைக்குப் படம் வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அந்தப் பயணத்தில் எனக்கு இன்று நினைவிருப்பது அந்த ஒரு நாள்தான். கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகுக்கு ஒரு முதியவர் பச்சை வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்த்த என்னிடம் டப்பாவை நீட்டி, "கொஞ்சம் பிடியம்மா" என்றார். அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் தூரிகையை ஒரே திசையில்தான் இழுப்பார், திரும்பி வரவே மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "திரும்பினால் கோடு விழும்" என்றார். ஒரு சொட்டு என் சட்டைக் கையின் நுனியில் தெறித்தது. அதைப் பற்றி அவருக்கும் கவலையில்லை, எனக்கும் கவலையில்லை. மஞ்சள் கவுனில் தெறித்திருந்தால் அழுதிருப்பேன். அந்தக் கவுனோடு போயிருந்தால் அவர் டப்பாவையே நீட்டியிருக்க மாட்டார் என்பது பிற்பாடு தோன்றியது.

ஊர் திரும்பியதும் துணியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள்தான் பாவம். பாலியஸ்டர் என்பது தண்ணீர்ப் புட்டி செய்கிற அதே பிளாஸ்டிக்கை இழையாக இழுத்தது. 20 டிகிரி வெப்பத்தில், 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் நீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். லினன் சுமார் 12 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. வியர்வை நம்மைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போது மட்டும்தான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். அதே ஒரு லிட்டர் முதுகுத்தண்டு வழியாகச் சொட்டினால் ஒரு பயனும் இல்லை; நனைந்ததுதான் மிச்சம். நான் படியேறிய அன்று நடந்தது இரண்டாவது.

எல்லாப் பழியையும் இழையின் மேல் போடுவதும் நியாயமில்லை. விளையாட்டு வீரர்களின் சட்டையும் பாலியஸ்டர்தான். ஈரத்தை வெளிப்பக்கம் கடத்தும்படி அதைப் பின்னியிருப்பார்கள், சீக்கிரம் உலர்ந்தும்விடும். தொப்பலாக நனைந்த பருத்தியோ மாலைவரை உலராது. ஆனால் நாற்றம் என்று ஒன்று இருக்கிறதே. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரைக் கடுமையாக சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்களின் டி-ஷர்ட்டுகளை ஒரு நாளுக்கு மேல் மூடி வைத்து, பிறகு முகர்ந்து பார்க்கச் செய்தார்கள். 2014இல் வந்த முடிவு: பருத்தியைவிடப் பாலியஸ்டர்தான் அதிகம் நாறியது. முகர்ந்து பார்த்தவர்களுக்கு என்ன கொடுத்தார்களோ தெரியவில்லை, எவ்வளவு கொடுத்திருந்தாலும் போதாது.

துணியைவிட வெட்டுத்தான் முக்கியம் என்று எனக்குப் புரியவைத்தது இன்னொரு ஆய்வு. பாலைவனத்தில் வாழும் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிகிறார்களே, கறுப்பு வெப்பத்தை உறிஞ்சாதா என்று ஆய்வாளர்கள் சிலருக்குச் சந்தேகம். நெகேவ் பாலைவனத்து நண்பகல் வெயிலில் ஒருவரையே கறுப்பு அங்கியிலும் வெள்ளை அங்கியிலும் மாற்றி மாற்றி நிறுத்தி அளந்தார்கள். 1980இல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. கறுப்புத் துணி கூடுதலாகச் சூடேறியது உண்மைதான். ஆனால் தொளதொளப்பான அங்கிக்குள் ஓடும் காற்று அந்தக் கூடுதல் சூட்டைத் தோலுக்கு வருமுன்பே கொண்டுபோய்விட்டது. தோலுக்கு வந்து சேர்ந்த வெப்பம் இரண்டு நிறத்திலும் ஒன்றுதான். "கோடைக்கு வெளிர் நிறம்" என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். அதற்கு முன்பாகச் சொல்ல வேண்டிய "தளர்வாக" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுகிறோம். இடுப்பில் இறுக்கித் தைத்த வெளிர் நிறக் கவுன்களை விற்கிறவர்களுக்கு அந்தச் சொல் வசதியாக இருக்காது.

முழுக்கைக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் புற ஊதாப் பாதுகாப்பு எண் (கூடக் கூட நல்லது) 5 முதல் 7 வரைதான். நனைந்தால் 3 அளவுக்கு இறங்கிவிடும். அடர்த்தியாக நெய்த ஜீன்ஸ் துணி இதில் பலமடங்கு மேல், ஆனால் கோடையில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதற்கு வேறு பாவம் செய்திருக்க வேண்டும். மெல்லிய துணியே என்றாலும், ஒன்றும் இல்லாத தோளுக்கு அது மேல் என்பதை அந்த இரவு என் தோள்கள் எனக்குச் சொல்லிவிட்டன.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன், அதில் எனக்கு ஒரு குலதெய்வம் உண்டு. நெல்லி பிளை. நியூயார்க்கில் பத்திரிகையாளர். எண்பது நாட்களுக்குள் உலகைச் சுற்றி வருகிறேன் என்று அவர் கேட்டபோது, பெண் தனியாகப் போக முடியாது, போனாலும் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து வண்டி மாறுவதற்குள் நேரம் போய்விடும் என்று பத்திரிகை நிர்வாகத்தில் சொன்னார்கள். 1889 நவம்பர் 14 அன்று, 25 வயதில், ஒரே ஒரு கைப்பையோடு அவர் கப்பல் ஏறினார். பதினாறு அங்குல அகலம், ஏழு அங்குல உயரம். உள்ளே தொப்பிகள், முகத்திரைகள், செருப்பு, மைக்கூடு, பேனா, காகிதம், ஊசி நூல், கைக்குட்டைகள், உள்ளாடைகள், ஒரு ஜாடி முகக் களிம்பு. மாற்று உடை மட்டும் பைக்குள் போகவில்லை. தனி மூட்டை கட்டுவது பிடிக்காததால் அந்த உடையையே விட்டுவிட்டு, முந்தைய கோடையின் பட்டு மேற்சட்டை ஒன்றை மட்டும் கசக்கித் திணித்தார். உடுத்திய கனத்த துணி உடை ஒன்றோடு சூயஸ், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று போய், 72 நாட்களில் திரும்பிவிட்டார். அவரைப் படாத பாடு படுத்தியது அந்தக் களிம்பு ஜாடிதானாம். அதைத் திணித்தால் பை மூடாது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதேபோல் ஒரு வாசனைக் குப்பியோடு நான் போராடியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிங்கப்பூரில் அவர் ஒரு குரங்கையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டார். மாற்று உடைக்கு இடமில்லை, குரங்குக்கு இருந்தது!

"ஏன் படம் எடுப்பதையே குற்றம் போலப் பேசுகிறாய்?" என்று தோழி கேட்டாள். குற்றமில்லை. நானும் எடுக்கிறேன். ஆனால் எப்படி எடுக்கிறேன் என்பது மாறிவிட்டது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களை வெறுமனே பார்க்கவும் சிலவற்றைப் படம் எடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் எடுத்த பொருள்கள்தான் அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தன. ஒரு பகுதியை மட்டும் அருகில் இழுத்து எடுத்தபோது அந்த மறதி இல்லை. இதைப் படித்த நாளிலிருந்து என் பயணப் படங்களில் நான் இல்லை. கதவுத் தாழ்ப்பாள், கயிற்று முடிச்சு, ரயில் ஜன்னலில் யாரோ சுரண்டிய எழுத்து என்று இருக்கிறது. பார்ப்பவர்கள் "எங்கே போனாய்?" என்று கேட்கிறார்கள். எனக்கு எல்லாம் தெரியும்.

அன்றாடத்தில் உனக்கு ஊக்கம் தருவது எது என்று இளம் பெண்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பதிலாக ஒரு மெழுகுவத்தி, ஒரு நாட்குறிப்பு, ஒரு சூரிய உதயம் வரும். எனக்கு ஊக்கம் தருகிறவர்கள் வெயிலில் நிற்கிறவர்கள். சாலை போடும் பெண்கள் உடைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையையும் கழுத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு நிற்பதைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அது ஏதோ வசதியின்மை என்று எண்ணியிருந்தேன். பாலைவனத்தில் அளந்து கண்டுபிடித்ததை அவர்கள் உடம்பிலேயே வைத்திருக்கிறார்கள். என்னோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு பெண்மணி, கூரையில்லாத அந்த நிறுத்தத்தில் விளக்குக் கம்பத்தின் நிழலில் நிற்பார். ஒரு சாண் அகலம்தான் இருக்கும். நிழல் நகர நகர அவரும் நகர்வார். இப்போது நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். எங்களுக்குள் பேச்சு இல்லை, வரிசை மட்டும் உண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் சட்டையில் பை இருக்கிறது. என் ஏழு உடைகளில் ஒன்றில்கூட இல்லை. இரண்டில் பை இருப்பதுபோல் மேலே ஒரு கோடு தைத்து ஏமாற்றியிருந்தார்கள். டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி நான்கு நாள் அலைந்த எனக்கு, உடைகளைப் பற்றிய வேறு எந்தச் சீர்திருத்தத்தைவிடவும் இதுதான் அவசரம். இதில் சமரசம் கிடையாது.

அழகாக உடுத்துவதன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். பயணத்துக்கு முந்தைய இரவு, துணிகளைக் கட்டிலில் பரப்பிப் பார்க்கிற மகிழ்ச்சி இன்றும் இருக்கிறது. இந்தக் கோடைக்கும் லினன் சட்டை ஒன்று தைத்துக்கொண்டேன். உட்கார்ந்து எழுந்தால் அகராதியில் உள்ள எல்லாச் சுருக்கங்களும் அதில் விழுகின்றன, அதுவும் பிடித்திருக்கிறது. அந்த ஏழு உடைகளில் ஆறைக் கொடுத்துவிட்டேன். மிஞ்சியது எலுமிச்சை அச்சிட்டது. உள்பக்கச் சீட்டைப் பார்த்தபோது தெரிந்தது, ஏழில் அது ஒன்றுதான் முழுப் பருத்தி. கேலி செய்ததற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நீலக் கோட்டுச் சட்டையின் காலர் போன மாதம் மடிப்பில் நைந்துவிட்டது. தையல்காரரிடம் கொடுத்தேன். காலரைப் பிரித்து, நையாத பக்கம் மேலே வரும்படி திருப்பித் தைத்துத் தந்தார். கை நுனியில் இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டி, "இதை எடுக்க மருந்து இருக்கிறது, எடுத்துவிடவா?" என்று கேட்டார். பதறிப்போய்ச் சட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

நேற்று அதைக் கொடியில் காயப்போட்டிருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என் சட்டைதானே?"

"உங்களுடையதுதான் அப்பா. வெயில் போனதும் தந்துவிடுகிறேன்."

"போன வருடமும் இதைத்தான் சொன்னாய்" என்றார்.