16-ல் 4 தேறும்: நாகாதோ யூகியின் ஸ்பின்-ஆஃப் பற்றி

ஸ்பாய்லர் தாராளமாக இருக்கும். ‘சுசுமியா ஹருஹி’ என்ற ஜப்பானிய அனிமே சீரீஸையும் அதே கதையில் 2010-ல் வந்த படத்தையும் இன்னும் பார்க்காதவர்கள் நேராகக் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடுங்கள். எந்த வரிசையில் பார்க்கலாம் என்பது அங்கே இருக்கிறது.

ஹருஹியின் ஸ்பின்-ஆஃபான ‘நாகாதோ யூகி-சான் நோ ஷோஷிட்சு’ (‘நாகாதோ யூகியின் மறைவு’) 2015 ஏப்ரலில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சாடிலைட் ஸ்டூடியோ எடுத்தது, மொத்தம் 16 எபிசோட். தானிகவா நாகருவின் லைட் நாவல்களுக்குப் பக்கவாட்டில் புயோ வரைந்த மங்காதான் (ஜப்பானியக் காமிக்ஸ்) இதற்கு மூலம். மூல சீரீஸைச் செய்த கியோட்டோ அனிமேஷன் இதில் இல்லை. அதனால்தான் சொதப்பியது என்று வந்த நாளிலிருந்து ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது பாதிக் காரணமாகக்கூடத் தெரியவில்லை. படம் வரைந்த விதத்தைவிட, எழுதிய விதத்தில்தான் சிக்கல்.

ஒரு பிரபலமான கதையிலிருந்து ரொமான்டிக் காமெடியைப் பிரித்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். மூலத்தில் சிரிப்பை வரவழைத்தது எது? அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைத்தார்கள்?

ஹருஹியில் சிரிப்பு, கதையைச் சொல்லும் பள்ளி மாணவன் க்யோனின் வாயிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால், அவன் மனசுக்குள் ஓயாமல் ஓடும் புலம்பலிலிருந்து. ஹருஹி ஏதோ அட்டகாசம் பண்ணுவாள், அவன் அதற்கு உள்ளுக்குள் கமென்ட்ரி கொடுப்பான். சில நேரம் அதை வாய்விட்டுச் சொன்னானா, நினைத்தானா என்பதே நமக்குப் பிடிபடாது. சுகிதா தோமோகாசுவின் அந்தச் சலிப்புக் குரல் இல்லாவிட்டால் பாதி காட்சிகள் வெறும் பள்ளிக்கூடக் காட்சிகள்தான். ஸ்பின்-ஆஃபிலும் அதே சுகிதாதான் பேசுகிறார். ஆனால் கதை இப்போது யூகியின் பக்கம் நிற்பதால் க்யோனின் புலம்பலைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சியிருப்பவன் நல்ல பையன், பொறுமைசாலி, அவ்வளவுதான். யூகிக்கு இவனை ஏன் பிடித்தது என்பது புரிகிறது. நமக்கு ஏன் பிடிக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

காலியான அந்த இடத்தில் வைத்தது, ரொமான்டிக் காமெடியில் தேய்ந்துபோன பழைய உத்தி. யூகி ஏதோ சொல்ல வாயெடுப்பாள், முகம் சிவக்கும், யாராவது உள்ளே நுழைவார்கள், பேச்சு அறுந்துபோகும். முதல் முறை சிரிப்பு வரும். வாலன்டைன் சாக்லேட் எபிசோடிலும் அதே கதை. வெந்நீர் ஊற்றுச் சுற்றுலா வரும்போது, கதவு எப்போது திறக்கும் என்று நாமே நேரம் குறித்துவிடலாம். தடங்கல் வந்தால், அதற்குப் பிறகு இரண்டு பேருக்கு நடுவில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். ஒரு தூரம் கூடவோ குறையவோ வேண்டும். இங்கே ஒவ்வொரு தடங்கலுக்குப் பிறகும் எல்லாரும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறார்கள். முதல் ஒன்பது எபிசோடும் நகராததற்குக் காரணம் இதுதான். மெதுவாகப் போவதைக் குறையாகச் சொல்லவில்லை, மெதுவாகப் போகும் நல்ல ரொமான்ஸ் எத்தனையோ இருக்கிறது.

இந்தத் தொடரின் விதை 2010 படத்தில் இருக்கிறது. டிசம்பர் 18 அன்று உலகமே மாறிப்போகும். ஹருஹி வேறு பள்ளியில் இருப்பாள். உணர்ச்சியே காட்டாத வேற்றுலக இயந்திரமான நாகாதோ, கண்ணாடி போட்ட கூச்ச சுபாவமுள்ள ஒரு சாதாரணப் பெண்ணாக இலக்கிய மன்ற அறையில் உட்கார்ந்திருப்பாள். க்யோன் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள் பாருங்கள், விரல் நுனியால் துணியை மட்டும். அந்த ஒரு அசைவில் இருக்கும் காதல் இந்த 16 எபிசோடில் பாதியில்கூட இல்லை. வகுப்புத் தோழி அசகுரா ரியோகோ பானை நிறைய ஓடென் (ஜப்பானியக் குழம்பு வகை) சமைத்துக்கொண்டு அங்கே வருவதும் அந்தப் படத்தில்தான். பிறகு அதே அசகுரா கத்தியை எடுக்கிறாள். புயோ அந்தக் கத்தியை விட்டுவிட்டு ஓடெனை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தத் தொடரில் உருப்படியாக உட்கார்ந்த முதல் பாத்திரம் அசகுராதான். ஒரே கட்டடத்தில் குடியிருந்துகொண்டு, கேம் விளையாடி ராத்திரி கண்விழிக்கும் தோழியை எழுப்பி, சோறு போட்டு, திட்டி, காதலுக்கும் தூது போய், ‘என்னை விட்டு நகர்ந்துவிடுவாளோ’ என்று உள்ளுக்குள் தவிக்கும் பெண். குவாதானி நாட்சுகோவின் குரலில் அந்த அதட்டலும் தவிப்பும் ஒன்றாகவே கேட்கும். மூலத்தில் க்யோனைக் கொல்லத் துணிந்தவளை இப்படித் திருப்பியதுதான் ஸ்பின்-ஆஃப் செய்ய வேண்டிய வேலை.

இப்போது, தேறும் என்று தலைப்பில் சொன்ன அந்த நான்கு எபிசோட், 10 முதல் 13 வரை. கார் மோதவிருந்த நேரத்தில் யூகி தப்புகிறாள். அந்த அதிர்ச்சியில் ஆளே மாறிவிடுகிறாள். கேம் வேண்டாம், புத்தகம் போதும். பேச்சு சுருங்குகிறது. பழைய நினைவுகள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு யாருடையவோ போலத் தோன்றுகின்றன. அதாவது, நமக்குத் தெரிந்த மூல நாகாதோ எந்த வேற்றுலக விளக்கமும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இவளும் க்யோனை விரும்பத் தொடங்குகிறாள். இது தன் விருப்பமா, முந்தையவள் விட்டுச்சென்றதா என்பதுதான் அவள் குழப்பம். கடைசியில் விருப்பத்தைச் சொல்லிவிட்டு இல்லாமல் போகிறாள். காலையில் பழைய யூகி எழுந்திருக்கிறாள்.

சிஹாரா மினோரி இதில் செய்ததைக் கவனித்துக் கேளுங்கள். அதுவரை யூகிக்கு மூச்சு வாங்கும், சொல் தடுமாறும் ஒரு குரல் கொடுத்திருந்தார். 10-லிருந்து அந்த மூச்சை எடுத்துவிடுகிறார். ஆனால் 2006-ல் வந்த மூல சீரீஸின் நாகாதோவுக்குக் கொடுத்த தட்டையான குரலுக்கும் முழுசாகப் போவதில்லை, வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் மட்டும் ஒரு தயக்கம் மிச்சம் இருக்கும். தொடரில் உண்மையான ‘மறைவு’ நடப்பதும் இங்கேதான். இந்தமுறை பேச்சை யாரும் குறுக்கே வந்து அறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறாள், அதற்கு விலையும் கொடுக்கிறாள். இதை எழுதத் தெரிந்தவர்கள் முன்னால் ஒன்பது எபிசோடை ஏன் அப்படி வீணடித்தார்கள் என்று கோபம்தான் வருகிறது.

ஆனால் ஒரு சங்கடம். இந்த நான்கின் கனம் முழுக்க மூலத்திலிருந்து வாங்கிய கடன். மூல சீரீஸின் 2009 சீசனில் ஆகஸ்டின் கடைசி இரண்டு வாரங்கள் 15,532 முறை திரும்பத் திரும்ப நடக்கும். அத்தனையையும் நினைவில் வைத்திருந்தவள் நாகாதோ மட்டும், ஏறக்குறைய 595 ஆண்டுகள். அதைப் பார்த்தவருக்குத்தான் இந்தச் சின்னத் தயக்கம் சுருக்கென்று தைக்கும். பார்க்காதவருக்கு இது விபத்தில் குணம் மாறிய ஒரு பெண்ணின் கதை, அவ்வளவே.

ஹருஹி ரசிகர்கள் கேட்பார்கள்: அவளை ஓரங்கட்டிவிட்டார்களா? ஆமாம். உலகத்தையே மாற்றும் சக்தி போனபிறகு அவள் வெறும் சத்தமான, நல்ல மனசுக்காரப் பெண். அவளுக்குக் குரல் கொடுத்த ஹிரானோ ஆயா உற்சாகமாகவே பேசியிருக்கிறார், எழுத்தில் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. மூலத்தில் ஹருஹியின் கூட்டாளிகளான மிகுருவும் கொய்சுமியும் வந்து போகிறார்கள்.

பார்க்கிற வரிசைக்கு வருகிறேன். முதலில் மூல சீரீஸ்: 2009-ல் மறு ஒளிபரப்பான 28 எபிசோட் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஆறும் கட்டாயம். 8-ஆவதான தனபாட்டா (ஜப்பானிய நட்சத்திரத் திருவிழா) எபிசோடை விட்டுவிட்டால் படத்தில் பாதி புரியாது. 12 முதல் 19 வரை அந்தச் சுழலும் ஆகஸ்டு: பொறுமை இல்லாதவர்கள் 12, 13, 19 மட்டும் பார்க்கலாம். ஆனால் முடிந்தவர்கள் எட்டையும் பாருங்கள், நாகாதோவின் சலிப்பு என்னவென்று அப்போதுதான் தெரியும். மற்றவை உங்கள் விருப்பம். பிறகு படம், 162 நிமிடம், ஒரே மூச்சில்.

அதற்கு ஒரு வாரம் கழித்து ஸ்பின்-ஆஃபுக்கு வாருங்கள். உடனே பார்த்தால் கியோட்டோவின் ஒளியும் நிழலும் கண்ணிலேயே நிற்கும், சாடிலைட்டின் தட்டையான பின்னணிகள் உறுத்தும். 1, 2 பாருங்கள், அசகுரா யார் என்று தெரிய வேண்டும். வாலன்டைனைப் பாருங்கள். சுற்றுலாவைத் தாண்டிவிட்டால் நஷ்டமில்லை. 10-லிருந்து 13 வரை ஒரே இரவில். 14 முதல் 16 வரை மீண்டும் பழைய காமெடிதான், காதலுக்கு முடிவும் கிடைக்காது. அது வேண்டும் என்பவர்கள் மங்காவுக்குப் போகலாம், 10 தொகுதியாக 2016-ல் முடிந்துவிட்டது.